தருமி கொண்டுவந்த ஓலை

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 64 திருவிளையாடல்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் 51 முதல் 55 வரையுள்ள ஐந்து படலங்கள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பற்றியவை. சங்கப் பலகை தந்தது, தருமிக்குப் பொற்கிழி அளித்தது, கீரனைக் கரையேற்றியது, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்தது, சங்கத்தார் கலகம் தீர்த்தது என்பன அவை. இவற்றைத் தனித்தனிக் கதைகளாகவே நாம் படித்தும் படிப்பித்தும் வருகிறோம். ஐந்தையும் ஒரு தொடராக வைத்துப் படித்தால் வேறொரு பொருள் புலனாகும். பலர் கூடிப் பேசும் ஓர் அவை எவ்வாறு உருவாகிறது, அங்கே சொல்லுக்குப் பொறுப்பாளி யார், குற்றம் கண்டவனுக்கு என்ன நேர்கிறது, அவையோர் தமக்குள்ளே பிணங்கினால் வழக்கைத் தீர்ப்பது யார் என்னும் வினாக்களுக்கு இவ்வைந்து படலங்களும் முறையே விடை கூறுவனவாக எனக்குத் தோன்றுகிறது.

சமய நோக்கில் இவற்றை ஆராய்வது என் கருத்தன்று. அதற்குத் தகுதியுடையோர் பலர் உளர். தமிழர் அவை என்றால் என்ன என்று அறிய விரும்பும் ஒரு பள்ளி ஆசிரியனாக நின்றே இங்குப் பேசுகிறேன். இன்று நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் பல அவைகளில் அமர்ந்திருக்கிறோம். அவை கைப்பேசியில் உள்ள அவைகள். நாம் 'புலனம்' என்று வழங்கும் வாட்சாப்பில் பெற்றோர் குழு, ஆசிரியர் குழு, ஆலயக் குழு, உறவினர் குழு என்று அவை பெருகிவிட்டன. இவற்றுக்குப் பலகை உண்டா? கீரன் உண்டா? இதுவே என் வினா.

பலகை கேட்ட புலவர்கள்

51ஆம் படலத்தில் சங்கப் புலவர்கள் இறைவனிடம் பொன் கேட்கவில்லை. தம் புலமையை அளந்தறிய ஒரு கருவி வேண்டும் என்று கேட்கின்றனர். தகுதியுடையார்க்கு இடம் கொடுத்து விரியும் சிறு பலகை ஒன்று அவர்களுக்குக் கிடைக்கிறது. இதன் உட்பொருள் எளியது. அவையோர்க்குப் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். அது அவர்களுள் எவருக்கும் சொந்தமாக இருத்தலாகாது. தலைவனுக்கும் புதியவனுக்கும் அது ஒன்றுபோலவே விரியவும் சுருங்கவும் வேண்டும்.

'பகிர்ந்த விழுமியங்கள்' என்று இக்காலத்தார் சொல்வதை இப்பலகை அழகாகக் காட்டுகிறது. ஒரு கூட்டத்தார் அனைவரும் ஒரே கருத்துடையவராக இருத்தல் விழுமியம் அன்று. சங்கப் புலவர்கள் கருத்தால் ஒன்றியவர் அல்லர் என்பதை 55ஆம் படலமே காட்டிவிடும். தம் சொல்லை எந்த அளவுகோலால் அளக்கலாம் என்பதில் மட்டுமே அவர்கள் ஒன்றுபட்டனர். அவ்வொன்று இருந்தமையால் மற்றவற்றில் வேறுபட்டும் ஒரே பலகையில் அமர முடிந்தது.

நம் குழுக்களில் இது தலைகீழாக உள்ளது. ஒரே தோட்டத்தார், ஒரே இனத்தார், ஒரே ஆலயத்தார் என்பதால் கூடுகிறோம். கருத்தும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால், வந்த செய்தி மெய்யா பொய்யா என்று அளக்கும் பலகையை நடுவே இட மறந்துவிட்டோம்.

ஓலை யாருடையது?

அடுத்த படலமே யாவரும் அறிந்தது. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் நாகேஷ் தருமியாக நடித்ததைக் கண்டு சிரிக்காத தமிழர் இலர். அச்சிரிப்பே நமக்கு ஓர் இடையூறும் ஆயிற்று. தருமி என்றால் நகைப்புக்குரியவன் என்று கொண்டு, அவன் நிலையை ஊன்றி நோக்காமல் விட்டுவிட்டோம்.

தருமி ஏழை, தாய் தந்தையர் இல்லாதவன். இல்லறம் தொடங்கப் பொருள் வேண்டியிருந்தது. தான் எழுதாத பாட்டொன்று அவன் கைக்கு வந்தது. அது குறுந்தொகையில் இறையனார் பெயரால் இன்றும் உள்ளது. அதை அவன் அவைக்குக் கொண்டு சென்றான். மன்னன் மகிழ்ந்தான். பொற்கிழியை எடுக்கப் போன நேரத்தில் கீரன் தடுத்தான். பாட்டில் குற்றம் உண்டு என்றான். அது என்ன குற்றம், அதற்கு என்ன விடை என்று சொல்லத் தருமியால் இயலவில்லை. பாட்டு அவனுடையதாக இருந்தால் அன்றோ விடை சொல்வான்?

ஒரு செய்தியை ஆக்காமல் சுமந்து மட்டும் வருபவனின் நிலை இதுவே. நம் இலக்கியத்தில் இந்நிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று எனக்கு நினைவில்லை. ஆயினும் தருமியிடம் ஒரு பெருமை உண்டு. அவன் ஓலையை எறிந்துவிட்டு ஊரை விட்டுப் போகவில்லை. 'எனக்கென்ன, வந்ததைக் கொடுத்தேன்' என்றும் சொல்லவில்லை. தந்தவரிடமே திரும்பிச் சென்றான். பொருள் கிட்டாதது பெரிதன்று, பாட்டுக்கு உண்டான பழி தந்தவரைச் சேருமே என்னும் கருத்துப்பட முறையிட்டான். அவன் திரும்பிச் சென்றதால் பாட்டை ஆக்கியவர் தாமே அவைக்கு வர நேர்ந்தது. 'நம் பாட்டில் குற்றம் கண்டவர் யார்?' என்று அவர் கேட்க, 'நானே' என்று கீரன் எழுந்து நின்றான்.

இங்கே மூன்று நிலைகள் உள்ளன. கொண்டுவந்தவன் மூலத்தைத் தேடிச் சென்றான். ஆக்கியவர் அவைக்கு வந்து நின்றார். குற்றம் கண்டவன் தன் பெயரோடு எழுந்தான். இம்மூன்றும் அமைந்த இடமே அவை. ஒன்று குறைந்தாலும் அது வெறுங்கூட்டம்.

என் கையில் வந்த ஓலை

தருமியைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நானும் ஓர் ஓலையைச் சுமந்தவன்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய எங்களுக்குக் கைகொடுத்தது புலனக் குழுவே. கணினி இல்லாத வீடுகளிலும் தாய் தந்தையருள் ஒருவரிடமாவது கைப்பேசி இருந்தது. வகுப்புக்கு ஒரு குழு, பெற்றோர் அனைவர்க்கும் ஒரு குழு என்று அமைத்தோம். நோய் தணிந்து பள்ளி திறந்த பின்னும் குழுக்கள் கலையவில்லை. சீருடை, சிற்றுண்டி, தேர்வு நாள் யாவும் அவற்றின் வழியாகவே அறிவிக்கப்பட்டன.

ஒருநாள் இரவு எனக்கொரு செய்தி வந்தது. வெள்ளை வேன் ஒன்று பள்ளிகளின் அருகே சுற்றுவதாகவும் பிள்ளைகளைக் கடத்துவதாகவும் அதில் கண்டிருந்தது. இடம் இல்லை, நாள் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. இத்தகைய வதந்தி நம் நாட்டில் அடிக்கடி தலைகாட்டுவதே. எனக்கும் அது தெரியும். ஆயினும், 'பொய்யாக இருந்தாலும் விழிப்பாக இருப்பது நல்லதுதானே' என்று எண்ணினேன். பெற்றோர் குழுவுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் பிற்பகல், மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வேனில் துணி கொண்டுவந்து தவணைக்கு விற்கும் வியாபாரி ஒருவரை லயத்து முனையில் சிலர் மறித்துக்கொண்டனர். அவர் வழக்கமாக வருபவரே. அன்று வேறொரு வேனில் வந்திருந்தார். அது வெள்ளை வேன். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் துணி மூட்டைகள் தரையில் கிடந்தன. அவர் வேனுக்குள் அமர்ந்து கதவைத் தாழிட்டிருந்தார். அடி எதுவும் விழவில்லை. கூட்டத்தில் நின்ற ஒரு தந்தையை நான் கடிந்துகொண்டபோது அவர் திகைத்துப் போய்ச் சொன்னார்: "ஐயா, நீங்க அனுப்பிச்சீங்கன்னுதானே நம்புனோம்!"

எழுதியவரை அவர் அறியார். அனுப்பிய என்னைத்தான் அறிவார். பெயரில்லாத ஓலைக்கு நான் என் பெயரைக் கொடுத்திருந்தேன். 'வந்தது, அனுப்பினேன்' என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. ஆனால், அவருக்கு அது விடையும் ஆகாது. அன்றிரவே குழுவில் என் தவற்றை எழுதி மன்னிப்புக் கேட்டேன். வியாபாரியிடம் நேரில் போய்க் கேட்டேன். 'பரவாயில்லை சார்' என்றார். அதன் பின்னர் அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவே இல்லை.

போளூரில் நடந்தது

எங்கள் தோட்டத்தில் துணி மூட்டைகளோடு போயிற்று. தமிழ்நாட்டில் உயிரே போயிற்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தை வழிபடக் காரில் சென்ற ஒரு குடும்பத்தாரை ஊரார் சூழ்ந்து தாக்கினர். வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததே அவர்கள் செய்தது. பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்ற செய்தி அந்நாட்களில் வட மாவட்டங்களில் கைப்பேசி வழியே பரவியிருந்தது. காரில் சென்றவர்களுள் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். உடன் சென்றோருள் நம் மலேசியாவிலிருந்து போன உறவினரும் இருந்தனர். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் இதே வகை வதந்தியால் ஐவர் கொல்லப்பட்டனர்.

அடித்தவர் மீது வழக்குத் தொடுக்கலாம். எழுதியவனையும் ஒருவேளை கண்டுபிடிக்கலாம். இடையில் நின்று அனுப்பிய ஆயிரம் பேர்? அவர்களுள் ஒவ்வொருவரும், தம் பிள்ளையைக் காக்க எண்ணிய நல்லவரே. என்னைப் போன்ற ஆசிரியரும் அவர்களுள் இருந்திருக்கக் கூடும். தீயவர் கூடித் தீமை செய்தால் அதைப் புரிந்துகொள்வது எளிது. நல்லவர் பலர் ஆளுக்கு ஒரு சிறு அசட்டையைச் செய்ய, அது திரண்டு ஓர் உயிரைக் கொண்டு போவதே இங்குக் கருதத்தக்கது.

இந்நிகழ்ச்சிகளின் பின் வாட்சாப் நிறுவனம் சில மாற்றங்களைச் செய்தது. 2018-இல் பிறர் செய்தியை அப்படியே அனுப்பினால் அதன் தலைப்பில் அடையாளம் தெரியும்படி வைத்தது. 2019 சனவரியில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகெங்கும் வரையறுத்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அத்தகைய செய்திகளின் பரவல் அதனால் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் பின்னர்த் தெரிவித்தது. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் உண்டு. பொய்ச் செய்திக்கென்றே 2018-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் நாடாளுமன்றமே அதனை நீக்க வாக்களித்தது. 2025 சனவரி முதல், 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனரைக் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் வந்தது.

இவை தேவையானவையே. ஆயினும், இவையெல்லாம் அவைக்கு வெளியே நிற்கும் காவல். ஓலை எத்தனை கை மாறியது என்று பொறி சொல்லும்; அது மெய்யா என்று சொல்லாது. தவறு நடந்தபின் சட்டம் வரும். தவறு நடக்குமுன் எழுந்து நிற்கக் கீரன் ஒருவனே உண்டு.

கீரனுக்கு நேர்ந்தது

கீரன் குற்றம் கண்டது பாட்டில். பாடியவர் மீது அன்று. சொற்குற்றம் அன்று, பொருட்குற்றம் என்று பகுத்தே கூறினான். வழக்கு முற்றியது. எதிர்நின்றவர் இறைவனே என்று அறிந்தபின்னும் அவன் தன் சொல்லை மாற்றவில்லை. நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தான்.

இவ்விடத்தை நம்மவர் இரு வகையாகச் சொல்வர். இறைவனையே எதிர்த்த வீரம் என்பார் ஒரு சாரார். செருக்குற்றவன் பெற்ற தண்டனை என்பார் மற்றொரு சாரார். இரண்டும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. புராணம் அங்கே நிற்கவில்லை. 53ஆம் படலத்தில் மற்றைப் புலவர்கள் கீரனுக்காக இறைஞ்சுகின்றனர். அவன் கரையேற்றப்படுகிறான். 54ஆம் படலத்தில் அகத்தியரைக் கொண்டு அவனுக்கு இலக்கணம் கற்பிக்கப்படுகிறது. குற்றம் கண்டவன் தானும் குறையுடையவனாக இருக்கலாம். அதற்குப் பரிகாரம் அவனை அவையை விட்டு நீக்குவது அன்று. கற்பித்து மீண்டும் பலகையில் அமர்த்துவதே. இந்த ஐந்து படலங்களுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த இடம் இது. நெருப்பு ஒரு கணம். இலக்கணப் பாடமோ ஒரு முழுப் படலம்.

நம் குழுக்களில் கீரனுக்கு நேர்வது என்ன? 'இச்செய்திக்குச் சான்று உண்டா?' என்று ஒருவர் கேட்டால், 'அண்ணன் எப்போதும் இப்படித்தான்' என்பார் ஒருவர். 'தமிழுக்குப் பெருமை சேர்க்கும் செய்தியைக்கூடப் பொறுக்காதவர்' என்பார் மற்றொருவர். பிறகு ஒருநாள் அவர் பெயர் குழுவிலிருந்து நீக்கப்படும். நெற்றிக்கண் இன்று குழுவை நடத்துவோர் ஒவ்வொருவரின் விரல் நுனியிலும் இருக்கிறது. கரையேற்றுவாரும் கற்பிப்பாரும் இல்லை. ஆகவே, தெரிந்தவர் வாய் திறப்பதில்லை. என் வெள்ளை வேன் செய்தியைப் பார்த்த ஓர் ஆசிரியை, அது பொய்யென்று தமக்கு அன்றே தெரியும் என்று பின்னர் என்னிடம் சொன்னார். 'ஏன் அம்மா சொல்லவில்லை?' என்றேன். 'தலைமையாசிரியர் போட்டதை எல்லார் முன்னாலும் எப்படி ஐயா தப்புன்னு சொல்றது?' என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. கீரன் எழுந்து நிற்கக்கூடிய அவையாக அதை நான் அமைக்கவில்லை. நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்கு மட்டும் அன்று, வரம்பு கடக்கும்போது முற்பட்டுச் சென்று இடித்துரைப்பதற்கு என்று வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் கூறியதை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். இடித்துரைக்கப்பட இடம் கொடுப்பதும் நட்பின் கடமை என்பதை அன்றுதான் கற்றேன்.

மாற்றம் கொடுத்தல்

வள்ளுவர் அவையைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். 72ஆம் அதிகாரம் அவையறிதல்; 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. பரிமேலழகர் வழியில் இவை அங்கவியலில் அமைச்சைப் பற்றிய பகுதியின் இறுதியில் நிற்கின்றன. இந்த வைப்புமுறை எண்ணத்தக்கது. அமைச்சன் சொல் பலருடைய வாழ்வைத் தொடும் சொல். அத்தகைய சொல்லைச் சொல்பவனுக்கே அவையிலக்கணம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அன்று அமைச்சனுக்கு மட்டுமே வாய்த்திருந்த அந்த ஆற்றல் இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவர்க்கும் வாய்த்துவிட்டது.

அவையஞ்சாமை என்பதற்கு மேடையில் நடுங்காமல் பேசுதல் என்றே பேச்சுப் போட்டிக்கு வரும் மாணவர்க்கு நாம் பொருள் சொல்கிறோம். வள்ளுவர் கருத்து அதனினும் ஆழமானது. நூல்களை முறையாகக் கற்க வேண்டுவது எதற்கு? அவையில் அஞ்சாது 'மாற்றம்' கொடுப்பதற்கு என்கிறார். மாற்றம் என்பது மறுமொழி. ஆகவே, கேட்டவர்க்கு விடை சொல்லும் ஆற்றலே அவையஞ்சாமை. இன்று 'பொறுப்புக்கூறல்' என்று புதுச்சொல் ஆக்கி வழங்குவதும் இதுவே. விடை சொல்ல முடியாததை அவையில் வைக்காதிருத்தல் அதன் மறுபக்கம்.

72ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் ஒன்றில் மட்டும் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். தம் கணத்தார் அல்லாதார் முன் பேசுதல், அமிழ்தத்தை முற்றத்துச் சேற்றில் கொட்டியது போலாகும் என்பது அதன் கருத்து. இதைக் கொண்டு, 'நம்மவரோடு மட்டும் பேசுவோம்' என்று முடிவு கட்டுவோர் உளர். அதிகாரம் முழுதும் கல்வியையும் சொல்லறிவையும் பற்றியே பேசுவதால், கணம் என்பது அறிவால் ஒத்தவரைக் குறிக்குமேயன்றி உறவால் ஒத்தவரைக் குறிக்காது. புலனக் குழுவில் எல்லாரும் நம்மவரே. ஆதலால் அங்கே அமிழ்தமும் சேறும் ஒன்றாகவே வரவேற்கப்படுகின்றன. யார் வாயிலாகக் கேட்டாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் அவர் சொன்னதை இதனோடு சேர்த்துப் படித்தால் ஐயம் நீங்கும். வேண்டியவர் வாய்ச் சொல்லையும் ஆராய வேண்டும் என்பது அதில் அடங்கும்.

பலகை இட்ட புதிய அவைகள்

இணையத்தில் பலகையே இல்லை என்று சொல்வது பிழையாகும். தமிழர் இட்ட பலகைகள் இரண்டைச் சொல்லலாம்.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய இம்முயற்சியில், பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி மின்னூல்களாக்கினர். ஒருவரையொருவர் நேரில் பாராதோர் பலர். ஆயினும் நூலின் தொடக்கத்தில் உள்ளீடு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் இருக்கும். பிழை கண்டால் யாரைக் கேட்பது என்பது தெளிவு. ஓலைச்சுவடி தந்தவரை முன்னுரையில் பெயர் சொல்லிப் போற்றியும், பாடவேறுபாடுகளைக் குறித்துக் காட்டியும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் நெறியே இங்கும் தொடர்கிறது.

மற்றொன்று, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர். 2017-இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. அங்கே யாரும் எழுதலாம்; யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இதைக் கேட்டால் குழப்பமே விளையும் என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு மாற்றமும் யாரால், எந்த நாளில், எந்த நேரத்தில் செய்யப்பட்டது என்பது அழியாமல் பதிவாகிறது. கூற்றுக்குச் சான்று கேட்கப்படுகிறது. கருத்து வேறுபட்டால் வாதிட ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. அங்கே பிழைகள் இல்லாமல் இல்லை, பூசலும் உண்டு. ஆயினும் பிழையைத் திருத்தும் வழி அவைக்குள்ளேயே இருக்கிறது. புனைபெயரில் எழுதுவோரும் அப்பெயரால் செய்தவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டு அவைகளிலும் கூடியோர் நம்மைவிட நல்லவர் என்பதற்கில்லை. அவர்களிடம் ஓலைக்கு உரியவர் உண்டு, கீரனுக்கு இடம் உண்டு. நம் குழுக்களில் இவ்விரண்டும் இல்லை. வேறுபாடு இதுவே.

ஊமைச் சிறுவன் தலையசைப்பு

55ஆம் படலத்தோடு முடிக்கிறேன். சங்கப் புலவர்கள் தத்தம் பாட்டே உயர்ந்தது என்று தமக்குள் கலகமிட்டனர். அவ்வழக்கைத் தீர்க்க அமர்த்தப்பட்டவன் பேரரசன் அல்லன், பெரும்புலவனும் அல்லன். உருத்திரசன்மன் என்னும் வணிகர் குலத்துச் சிறுவன், வாய் பேசாதவன். ஒவ்வொரு பாட்டையும் கேட்டுத் தன் மெய்ப்பாட்டால் அதன் தகுதியைக் காட்டினான். கபிலர், பரணர், நக்கீரர் பாட்டுகளுக்கு அவன் மெய்சிலிர்த்தான். பெரும்புலவர் அனைவரும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டனர்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. குழுவில் நான் இடும் எந்த அறிவிப்பிலும் எங்கிருந்து பெற்றேன் என்பதைக் குறிக்கிறேன். தவறென்று யாரேனும் காட்டினால், குழுவிலேயே நன்றி சொல்லித் திருத்துகிறேன். முதல் முறை அவ்வாறு காட்டியவர் அன்று வாய் மூடியிருந்த அதே ஆசிரியை. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மூன்று வினாக்களைக் கற்பித்திருக்கிறேன். சொன்னவர் யார்? எங்கே உள்ளது? தவறானால் யார் திருத்துவார்? சென்ற ஆண்டு, ஔவையார் பாடியதாக எனக்கு வந்த ஒரு வெண்பாவைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி மெல்லக் கைதூக்கினாள். "ஐயா, இது ஔவையார் எந்த நூல்ல பாடினது?" என்றாள்.

நான் அன்றிரவு தேடினேன். எனக்குக் கிட்டிய ஔவையார் நூல் எதிலும் அப்பாட்டு இல்லை. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தேன்.